முதுகு மட்டும் தெரிகிற படம்

பிலடெல்பியா
11 ஏப்ரல் 2011

திருமதி எர்லீன் ஃப்ரையர்சன் அவர்களுக்கு,

போன மாதம் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை உங்கள் அருங்காட்சியகத்துக்கு பிலடெல்பியாவிலிருந்து ஒரு பேருந்து வந்தது. சபைப் பெண்கள் பத்தொன்பது பேர், எல்லாருக்கும் ஊதாச் சட்டை. பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியுமாக ஒருத்தி நின்றாள். கண்புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அது நான்.

தென் கரோலினாவைச் சுற்றி ஐந்து நாள் பயணம். சார்ல்ஸ்டனில் அடிமைகளை ஏலம் விட்ட கூடத்தைப் பார்த்தோம். ஒரு பழைய நெல் தோட்டத்தில், செங்கல்லில் பதிந்துபோன பிள்ளைகளின் விரல் தடங்களைக் காட்டினார்கள். எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தராகத் தங்கள் விரலை அதில் வைத்துப் பார்த்தார்கள். நான் வைக்கவில்லை. எங்கள் மக்கள் முதன்முதலில் எழுத்துக் கற்ற தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். போன இடத்திலெல்லாம் என் நாத்தனார் டெலோரஸ் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அச்சடித்துக் கொடுத்த பயணத் தாளில் 'நான்காம் நாள்: கெல்டன், பழைய நூலகம்' என்று இருந்தது. முதல் நாளிலிருந்து அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெல்டனில் நீங்கள் அந்தப் புகைப்படத்துக்கு முன்னால் நின்றீர்கள். கறுப்பர் நுழையக் கூடாத நூலகத்தில், 1961 ஜூலையில், கட்டம் போட்ட கவுனில் ஒரு பெண் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியின் முதுகில் போலீஸ்காரனின் கை. "முகம் தெரியல, இல்லையா? முதுகுதான் தெரியுது. அந்த முதுகு என்னோடதுதான், கண்ணுங்களா" என்றீர்கள். எங்கள் பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "அன்னிக்கு என்ன புத்தகம் கேட்டீங்க?"

"அரசியல் சட்டம்தான் கேட்டேன், வேற என்ன கேப்பேன்?" என்றீர்கள். கைதட்டினார்கள். டெலோரஸ் உங்களைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் கேட்டது கோழி வளர்ப்புப் புத்தகம். போதகர் ப்ரேலோ சொல்லிக்கொடுத்ததெல்லாம் பயத்தில் மறந்துபோய், எதிர் அலமாரியில் கண்ணில் பட்ட பெயரைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ரூஃபஸ் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். லீராய் அவன் காலை மிதித்தான். நாலாவது நாற்காலி காலியாக இருந்தது. அது உங்களுடையது. அதில் உட்கார்ந்திருந்தால் கோழிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் படித்தேன். ஜூலை 22, ஐம்பதாம் ஆண்டு, உங்கள் பெயரில் வெண்கலப் பலகை.

பேருந்தில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம்.

மோசெல் கேதர்ஸ்
(அப்போது மோசெல் மூசோன்)


கெல்டன்
20 ஏப்ரல் 2011

மோசெல்,

ஐம்பது வருடம் கழித்து ஒரு கடிதம் போடுகிறாய், அதில் என்னை 'அவர்கள்' என்கிறாய். உன்னோடு ஒரே தட்டில் வேகவைத்த கடலை தின்றவள் நான்.

தொப்பிக்காரி நினைவிருக்கிறாள். என்ன புத்தகம் என்று அதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை. அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை நான், ஏனென்று அப்போது தெரியவில்லை.

எப்படி நடந்தது என்று கேள். 1996-இல் புது நூலகம் கட்டினார்கள், பழையதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். செய்தித்தாள் அலுவலகத்துப் பெட்டியிலிருந்து இந்தப் படம் கிடைத்தது. வயது குறைந்தவர்கள் என்பதால் அன்றைக்குப் பத்திரிகையில் பெயர் போடவில்லை. சபைக் கூடத்தில் படத்தை மாட்டி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். ஹேட்டி அக்கா எழுந்தாள். "அது லூடி தைச்ச கவுனு! அந்தக் கட்டம், அந்த வில்லு முடிச்சு, எனக்குத் தெரியாதா? அது நம்ம எர்லீன்தான்!"

அம்மா தைத்த அந்தக் கவுன் என்னுடையதுதானே, மோசெல்? போதகர் நல்ல உடுப்பில் வரச் சொன்னார், உன்னிடம் நல்ல உடுப்பு இல்லை, நான் கொடுத்தேன். நாம் இரண்டு பேரும் போனோம் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. ரூஃபஸும் லீராயும் இறந்துவிட்டார்கள். நீ போனவள் போனவள்தான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அப்புறம் அது தானாக நடந்தது.

முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு நீட்டியவளை ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தப் படத்துக்கு அப்புறம் பெரிய பெரிய ஆட்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சரி, சாக்குதான்.

அன்று நான் வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும். அம்மா அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

எர்லீன்


பிலடெல்பியா
3 மே 2011

எர்லீன்,

இனி 'அவர்கள்' போடவில்லை.

உனக்கு அந்த முதுகு என்ன கொடுத்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன கொடுத்தது என்று எழுதுகிறேன். மூன்றாம் நாள் அம்மாவைச் சமையல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டம்மா பின்வாசலில் நின்று, "பொண்ண அடக்கி வளக்கத் தெரியாதவ கையில நாங்க சாப்பிடணுமா?" என்றாள். பதினோராம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிலடெல்பியா வந்து பெரியம்மா வீட்டு நிலவறையில் ஆறு பேர் படுத்தோம். இங்கே ஒரு துணி வெளுக்கும் ஆலையில் நின்றே என் அம்மாவின் கால் போயிற்று. சாகிற வரைக்கும் நூலகம் என்ற சொல்லை என் முன்னால் அவள் சொன்னதில்லை. என் கணவருக்குத் தெரியாது. என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த முதுகை அருங்காட்சியகத்தில் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள் என்று எனக்கும் தெரியாது.

நீ உண்மையைச் சொல்லிவிடு. ஜூலைக்கு முன்னால் சொல்லு. ஆனால் என் பெயரையும் அங்கே போடாதே. இதற்குக் காரணம் கேட்காதே.

மோசெல்


கெல்டன்
19 மே 2011

மோசெல்,

ட்ராய் பெத்தியாதான் இப்போது அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறான். மூன்று தடவை அவன் அறை வாசல்வரைக்கும் போனேன். மூன்று தடவையும் அவன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க எர்லீன் ஆன்ட்டி, பேச்சு தயாரா?" என்றான். மேசைமேல் பலகையின் படம் இருந்தது. என் பெயரைப் பெரிய எழுத்தில் வார்த்திருக்கிறார்கள். தயார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் எனக்கு என்ன தோன்றியதோ, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பதினைந்து வருடம் மற்றவர்களுக்குச் சுற்றிக் காட்டியவள், மற்ற ஊர்களை நான் பார்த்ததே இல்லை. கொலம்பியாவில் சட்டமன்றத் தோட்டத்தில் நம் மக்களுக்கு வைத்த கல்லைப் பார்த்தேன். ஆரஞ்ச்பர்க் போனேன். 1968-இல் போலீஸ் சுட்டுக் கொன்ற மூன்று பிள்ளைகளுக்குக் கல்லூரி வளாகத்தில் நினைவிடம் இருக்கிறது. மூன்று பெயர்களையும் படித்தேன். புல் வெட்டுகிறவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி, "உங்க சொந்தமாம்மா?" என்றான்.

மோசெல், ஆமாம் என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. கையால் வாயை மூடிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அவன் தண்ணீர் கொண்டு வந்தான். அதைக் குடித்தேன்.

காரில் உட்கார்ந்து கதவை மூடியதும் என்னை நினைத்து எனக்கே அருவருப்பு வந்தது. அதனால் இதையும் எழுதுகிறேன். அம்மா என்னைப் பூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டு நான் வந்தேன். தபால் ஆபீஸ் முனைவரைக்கும் வந்தேன். நீங்கள் மூன்று பேரும் படியேறுவதைப் பார்த்தேன். நீ கதவுக்கு முன்னால் நின்று திரும்பி, எனக்காகத் தெருவைப் பார்த்தாய். நான் தபால் பெட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். போலீஸ் வண்டி வந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய், அம்மா கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கூடை பட்டாணியை உரித்தேன்.

இருந்தாலும் நான் லீராய் அளவுக்குப் போகவில்லை என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். போலீஸ் நிலையத்தில் அவன்தானே போதகரைக் காட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டான்? ஊரே அவனைக் காறித் துப்பியது. அவன் கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். நானும் அவன் முகத்துக்கு நேராக 'வெள்ளைக்காரன் வளர்க்கிற நாய்' என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் போர் வந்தது. பட்டாளத்துக்குப் போனவன் பெட்டியில் வந்தான்.

உன் பெயரை ஏன் போடக் கூடாது என்கிறாய்? கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

எர்லீன்


பிலடெல்பியா
6 ஜூன் 2011

எர்லீன்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

லீராய் கையெழுத்துப் போடவில்லை. ரூஃபஸும் போடவில்லை. நான் போட்டேன்.

எங்களைத் தனித்தனி அறையில் வைத்தார்கள். என் முன்னால் தட்டச்சு செய்த ஒரு தாளை வைத்தார்கள். போதகர் ப்ரேலோ எங்களை மிரட்டி அனுப்பினார் என்று அதில் இருந்தது. அவர் மிரட்டவில்லை. பயமாக இருந்தால் வர வேண்டாம் என்று நாலு தடவை சொன்னார். காவல் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்கம்மா நல்ல சமையல்காரி. அவ வேலை போனா பாவம் இல்லையா?" என்றார். நான் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கையெழுத்து அழகாக விழ வேண்டும் என்று பார்த்துப் போட்டது நினைவிருக்கிறது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அம்மாவின் வேலை எப்படியும் போயிற்று. அந்தப் பிள்ளைகள் பத்து நாள் உள்ளே இருந்தார்கள். போதகருக்கு ஆறு மாதம், கால் சங்கிலியோடு ரோடு போடுகிற வேலை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். லீராய் மேல் பழி விழுந்தது எனக்குத் தெரியாது. இந்த மே மாதம்வரைக்கும் தெரியாது, எர்லீன். நான் இங்கே கல்யாணம் செய்துகொண்டேன், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தேன், பென்ஷன் வாங்குகிறேன். அவன் இருபத்துநாலு வயதில் அந்தப் பெயரோடு போய்ச் சேர்ந்தான்.

நீ முகம் தெரியாத படத்தில் உன் பெயரை எழுதிக்கொண்டாய். நான் என் கையெழுத்தை இன்னொருவன் தலையில் விட்டுவிட்டு வந்தேன். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

போதகர் இறந்துவிட்டார் என்று டெலோரஸின் சபைப் பத்திரிகையில் ரொம்ப நாள் முன்னால் படித்தேன். அவர் மனைவி இருக்கிறாரா? இருந்தால் இத்துடன் வைத்திருக்கும் உறையை அவர் கையில் கொடு. ஒட்டியிருக்கிறேன். உன்னிடம் மறைக்க அல்ல. இன்னொரு முறை படித்தால் அனுப்பாமல் விட்டுவிடுவேன்.

மோசெல்


கெல்டன்
4 ஆகஸ்ட் 2011

மோசெல்,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். செய்யாமல் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று எனக்கே தெரியும்.

ஜூலை 22 நல்ல வெயில். பந்தல் போட்டு, மேயர், பாடகர் குழு, பின்னால் மீன் பொரிக்கிற அடுப்பு எல்லாம் இருந்தது. ஹேட்டி அக்காவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்திருந்தார்கள். முந்தின நாள்கூட ட்ராயிடம் நான் சொல்லவில்லை. அது அவனுக்குச் செய்த துரோகம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். மேயர் துணியை இழுத்தார். வெண்கலம் பளபளவென்று இருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள்.

எழுதிக்கொண்டு போனதைக் கைப்பையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. "அது நான் இல்ல" என்றேன். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. மறுபடியும் சொன்னேன். "படத்துல இருக்கிறது நான் இல்ல. கவுனு என்னோடது. நான் தபால் ஆபீஸ் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன். பதினஞ்சு வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டு இருக்கேன்."

யாரோ சிரித்தார்கள், தன்னடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. அப்புறம் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப யாரு அது?"

"அவகிட்ட கேக்காம சொல்ல மாட்டேன். அவகிட்டருந்து நான் எடுத்துக்கிட்டது போதும்" என்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். லீராய் எதுலயும் கையெழுத்துப் போடல. காட்டிக்கொடுத்தது அவன் இல்ல. இது எனக்கு நிச்சயமா தெரியும்." இதைச் சொல்லலாமா என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவன் தங்கை மேபெல் மூன்றாவது வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். விசிறுவதை நிறுத்தினாள். எழுந்து வந்து என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து தெருப்பக்கம் நடந்து போய்விட்டாள்.

ட்ராய் துணியை எடுத்துப் பலகையை மறுபடி மூடினான். என்னைப் பார்க்கவே இல்லை. மீன் சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. ஹேட்டி அக்கா மட்டும் கையைப் பிடித்து, "நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்டி" என்றாள். "இல்லக்கா, நான்தான் தொறந்திருக்கணும்" என்றேன். போன ஞாயிறு சபையில் என் பெஞ்சில் நான் மட்டும்தான். படத்துக்குக் கீழே இப்போது என் பெயர் போட்ட அட்டை இல்லை, நாலு ஆணி ஓட்டைதான்.

செவ்வாய்க்கிழமை ஆரஞ்ச்பர்க் போனேன். போதகரம்மா இருக்கிறார். எண்பத்துநாலு வயது. மகள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லி, உன் உறையை நீட்டினேன். வாங்கிப் பெயரைப் படித்தார். பிரிக்கவில்லை.

"மூசோன் பொண்ணு" என்றார். "தெரியும். கோர்ட்டுல அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாங்களே. வெள்ளைக்காரங்க மட்டும்தான் உள்ள இருந்தாங்க, அப்புறம் நானும் அவரும். கையெழுத்து ரொம்ப அழகா இருந்துது."

நான் வெண்டைக்காய்த் தட்டைப் பார்த்தேன்.

"அவரு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார். பதினேழு வயசுப் பொண்ணு, அவ வாழணும்னார். சங்கிலி கட்டின காலு கடைசிவரைக்கும் ஆறவே இல்ல. நான்தான் தினமும் கட்டுப் போட்டேன். அவரு மன்னிச்சார். நான் அவரு இல்ல."

லீராய் பட்டதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நாங்க வாய மூடிட்டு இருந்ததுல அந்தப் பையனுக்கு இதுவா?" என்றார். அப்புறம் உன் உறையை என் மடியில் போட்டார்.

"கடுதாசில எல்லாம் நான் மன்னிப்பு வாங்கிக்கறதில்ல. அவளுக்கு நடக்க முடியுமா?"

"முடியும்மா."

"அப்ப நேர்ல வந்து சொல்லச் சொல்லு. நான் மன்னிப்பேன்னு சொல்லல. காது குடுத்துக் கேப்பேன்னுதான் சொல்றேன்."

உறையைத் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்காதது பிரிக்காதபடியே இருக்கிறது.

எர்லீன்


பிலடெல்பியா
11 ஆகஸ்ட் 2011

எர்லீன்,

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். டெலோரஸும் இருந்தாள். நூலகத்தில் உட்கார்ந்ததைச் சொன்னபோது மகளின் முகம் மலர்ந்தது. அடுத்ததைச் சொன்னபோது அவள் ஜன்னலைப் பார்த்தாள். மகன், "ஏம்மா இவ்வளவு நாள்?" என்று மட்டும் கேட்டான். டெலோரஸ் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள், எல்லாமே கழுவிய பாத்திரம்.

லீராயைப் பற்றிச் சொன்னதற்கு என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ட்ராயிடம் என் பெயரைச் சொல்லிவிடு. அவர்கள் அட்டை எழுதினால், போலீஸ் நிலையத்தில் நான் செய்ததையும் எழுத வேண்டும், லீராயும் ரூஃபஸும் செய்யாததையும் எழுத வேண்டும். முடியாது என்றால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும்.

இருபத்துமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை ரயிலில் ஃபுளோரன்ஸில் இறங்குகிறேன். நீ வந்து கூட்டிப்போ. மறுநாள் காலை ஆரஞ்ச்பர்க். அந்த வீட்டுக்குள் நான் தனியாகப் போகிறேன். எவ்வளவு நேரமானாலும் நீ காரிலேயே இரு, உள்ளே வராதே.

அங்கிருந்து மேபெல் வீட்டுக்கு. அங்கே நீயும் இறங்க வேண்டும். முதலில் நான் பேசுகிறேன், அப்புறம் நீ. கதவைத் திறக்காவிட்டால் வெளியிலேயே நின்று சொல்வோம்.

மோசெல்